மரம் உள்ளே உளுத்திருக்கிறதா? அறிகுறி பார்த்துச் சோதிக்கும் முறை

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது குடியிருப்போர் சங்கங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒரே கேள்விதான் எழுகிறது: "பொந்து விழுந்துவிட்டது, வெட்டிவிடலாமா?" பொந்து கண்ணில் படுகிறது, அதனால் பயமும் அங்கேயே போய் நிற்கிறது. ஆனால் காற்றில் சாய்ந்து காரை நசுக்கும் மரங்களில் பல, முதல் நாள் மாலைவரை அடர்ந்த பச்சையோடு நின்றவைதான்.

இதற்குக் காரணம் மரத்தின் உடலமைப்பு. பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்திசுவும் அதை ஒட்டிய வெளிறும்தான் உயிருள்ள பகுதி. நீர் மேலே ஏறுவது வெளிறு வழியாக. நடுவிலுள்ள வைரம் உயிரற்ற கட்டை. அது மக்கிப்போனாலும் இலைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆகவே நடுமரம் உளுத்திருக்கிறதா என்பதை இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுராவின் தாவரவியல் பூங்காவில் இருக்கும் பெரிய ஆலமரம் 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் அடிபட்டது. காயத்தில் பூஞ்சை புகுந்து தாய்மரம் உளுத்ததால் 1925இல் அதை அறுத்து அகற்றினார்கள். விழுதுகளை ஊன்றிக்கொண்டு மரம் இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது. எல்லா மரத்துக்கும் விழுது கிடையாது என்பதுதான் சிக்கல்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உளுத்தது போக நல்ல கட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது? விழுந்தால் அடியில் யார் இருப்பார்கள்? கீழே சொல்லும் ஒவ்வொரு அறிகுறியும் இந்த இரண்டுக்கும் விடை தேடத்தான்.

தொடங்கும் முன்

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பாருங்கள். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்ட பிறகு பட்டை நனைந்து தட்டும் ஓசை மாறிவிடும். மரம் அறுக்கும் ஆட்களும் கிடைக்க மாட்டார்கள். காளானை மட்டும் மழைக்குப் பிறகு இன்னொரு முறை தேட வேண்டும்.

தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா, தச்சரின் கொட்டாப்புளி (மரச்சுத்தி), ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய இரும்புக் கம்பி, டார்ச் விளக்கு, தொலைநோக்கி இருந்தால் அதுவும். இரும்புச் சுத்தி வேண்டாம். அது பட்டையைக் காயப்படுத்தும், ஓசையும் தெளிவாக வராது. முதலில் இருபதடி தள்ளி நின்று மரத்தை நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள். நேராகத் தூருக்குப் போய்க் குனிந்துவிடுகிறவர்கள் மேலே இருக்கும் காய்ந்த கொம்பைத் தவறவிடுகிறார்கள்.

அறிகுறி: மரம் புதிதாகச் சாய்ந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறது

இதற்குச் சோதனை எதுவும் தேவையில்லை. சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் உப்பியிருந்தாலோ, தரையில் வில்லாக வெடிப்பு ஓடியிருந்தாலோ, நடைபாதைக் கல் ஒரு பக்கம் தூக்கியிருந்தாலோ வேர்ப்பிடி விட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. அடியில் நிற்கும் வண்டிகளை அப்புறப்படுத்துங்கள், கயிறு கட்டி வழியை மறியுங்கள், உடனே தகவல் கொடுங்கள். சென்னையில் மாநகராட்சியின் உதவி எண் 1913. எங்கிருந்தாலும் அவசரத்துக்கு 112. மின்கம்பி தொட்டுக்கொண்டிருந்தால் மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது.

பழைய சாய்வு வேறு. சிறுவயதிலேயே வெளிச்சம் தேடிச் சாய்ந்த மரம் பிறகு மேல்பாகத்தை நிமிர்த்திக்கொண்டிருக்கும். அடி சாய்ந்தும் நுனி நேராகவும் இருக்கும். தண்டு முழுவதும் ஒரே கோட்டில் சாய்ந்திருந்து, உச்சியும் அதே திசையைக் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய புகைப்படம் இருந்தால் எடுத்து ஒப்பிடுங்கள்.

அறிகுறி: தூரில் அல்லது வேரில் காளான்

அறிகுறிகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். பொந்து என்பது பழைய கதையாக இருக்கலாம். தூரில் தட்டையாக, கட்டைபோல் உறுதியாக, மேலே பழுப்பும் ஓரத்தில் வெள்ளையுமாக வளரும் காளான், உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று. நம் ஊரில் பெரும்பாலும் இது கனோடெர்மா இனமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் காளான் வித்துகளைப் பரப்பும் உறுப்பு மட்டுமே. பூஞ்சையின் உடல் நூலிழைகளாகக் கட்டைக்குள் பல ஆண்டுகளாகப் பரவியிருக்கும். அதனால் காளானைப் பிய்த்து எறிவதில் பயன் இல்லை; அறிகுறியைத்தான் இழப்பீர்கள். அப்படியே விட்டுவிட்டுப் புகைப்படம் எடுத்துத் தேதி எழுதி வையுங்கள்.

எங்கே முளைத்திருக்கிறது என்பது முக்கியம். உயரத்தில் ஒரு காய்ந்த கொம்பில் இருந்தால் அந்தக் கொம்பை அடிப்புடைப்புக்கு வெளியே ஒட்டி அறுத்தால் போதும். தூரிலும் வேரிலும் இருந்தால் மரம் தரையோடு சாயும் ஆபத்து. தண்டைச் சுற்றி எத்தனை இடத்தில் முளைத்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே பக்கம் என்றால் கொட்டாப்புளியும் கம்பியும் கொண்டு அழுகலின் எல்லையைத் தேடலாம். மூன்று நான்கு பக்கங்களிலும் என்றால் நிபுணரை அழையுங்கள், காற்றுக் காலத்தில் அடியில் ஆளை விடாதீர்கள்.

விசிறி வடிவில் சின்னதாக, சாம்பல் வெள்ளையாக வரிசை கட்டும் காளான்களும் உண்டு. மாவில் வெயில் சுட்டுப் பட்டை இறந்த இடத்தில் இவற்றை அதிகம் பார்க்கலாம். இவை பெரும்பாலும் இறந்த வெளிறைத் தின்பவை. பட்டை எவ்வளவு தூரம் இறந்திருக்கிறது என்பதைக் காட்டும் அளவுகோலாக இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டைத் துணுக்கு கையில் கிடைத்தால் விரலால் நசுக்கிப் பாருங்கள். நார்நாராக, வெளிறிப்போய், பஞ்சுபோல் பிரிந்தால் அது வெள்ளை அழுகல். கரும்பழுப்பாக, சதுரம் சதுரமாக வெடித்து, நசுக்கினால் பொடியானால் பழுப்பு அழுகல். இரண்டாவதுதான் துரோகி. பூஞ்சை முதலில் செல்லுலோஸைத் தின்றுவிடுவதால், வெளித்தோற்றம் மாறும் முன்பே வலு போய்விடும். முறிவும் முன்னறிவிப்பு இல்லாமல் சட்டென்று நடக்கும்.

அறிகுறி: தண்டில் பொந்து

பொந்தைக் கண்டதும் ரம்பத்தைத் தேட வேண்டாம். மூங்கில் உள்ளே வெறுமையாகத்தான் இருக்கிறது, அதை நம்பித்தான் கட்டடத் தொழிலாளர்கள் சாரம் கட்டி ஏறுகிறார்கள். உருளையின் வளைவு வலு பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கிறது. குறுக்களவில் பாதி வெறுமையாக இருந்தாலும் வளைவுக்கு எதிரான வலுவில் சுமார் 6 சதவீதம்தான் குறையும். பத்தில் ஏழு பங்கு வெறுமை என்றால் 24 சதவீதம். எட்டு பங்கு என்றால் 41. ஒன்பது பங்கானால் 66. வலு கடைசியில்தான் வேகமாகச் சரிகிறது. பழைய நெடுஞ்சாலைப் புளியமரங்கள் பெரிய பொந்துகளோடு தலைமுறைகளைத் தாண்டி நிற்பதன் கணக்கு இது.

பொந்தின் வாயைப் பாருங்கள். ஓரத்தில் உருண்டு திரண்ட உதடுபோல் புதுக்கட்டை வளர்ந்து உள்ளே சுருண்டிருந்தால் மரம் ஓரத்தை வலுப்படுத்திக்கொண்டிருக்கிறது. உதடு இல்லாமல், பட்டை காய்ந்து உரிந்து, ஓரம் மென்மையாக இருந்தால் சுவரும் உளுத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து, வாயின் அகலம். தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறந்திருந்தால் மேலே சொன்ன உருளைக் கணக்கு செல்லாது. முழு வளையமாக இருக்கும்வரைதான் அந்த வலு. பக்கம் பிளந்த வளையம் காற்றில் முறுக்கிக்கொள்ளும்.

இப்போது கம்பியை நுழைத்துப் பார்க்கலாம். டார்ச் அடித்துப் பாம்பு, தேனீக்கூடு எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகு. பின்சுவர், இரு பக்கச் சுவர், மேலே, கீழே என்று ஐந்து திசையிலும் குத்தி, கம்பி தடங்கலின்றி எவ்வளவு தூரம் போகிறது என்று குறியுங்கள். கீழ்நோக்கித் தரைமட்டத்துக்கு அடியிலும் போனால் வேர்க்கழுத்து உளுத்திருக்கிறது. மேலே இருப்பதைவிட அது மோசம்.

பறவைகளும் சாட்சி சொல்கின்றன. கிளி ஏற்கெனவே இருக்கும் பொந்தில் குடியேறுவது. அதனிடமிருந்து புதிதாக ஒன்றும் தெரியாது. குக்குறுவான் அப்படியல்ல. அது தானே வட்டமாகத் துளையிடும்; மக்கி இளகிய கட்டையைத்தான் தேர்ந்தெடுக்கும். கிளையின் அடிப்பக்கத்தில் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய, கச்சிதமான வட்டத் துளை கண்டால் அந்தக் கிளை உள்ளே இளகிவிட்டது. அதன் கீழே ஊஞ்சல் கட்டாதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத மூலை என்றால் கிளையைப் பறவைக்கே விட்டுவிடலாம்.

பொந்தைச் சிமென்டால் அடைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. மரம் காற்றில் அசையும், சிமென்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியில் ஈரம் தங்கி அழுகல் வேகமெடுக்கும். பின்னால் அறுக்க வருகிறவரின் ரம்பமும் உடையும். பொந்தில் தேங்கும் நீரை வடிக்கக் கீழே துளை போடுவதும் தவறு. 1970களில் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து விளக்கியதன் சாரம் இதுதான்: மரம் அழுகிய திசுவைப் புதுப்பிப்பதில்லை. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதுக்கட்டை போட்டு வளர்கிறது. உளியால் பொந்தைச் சுத்தமாகச் சுரண்டுவதும் வடிகால் துளை போடுவதும் அந்தச் சுவரைத்தான் உடைக்கின்றன. தார் பூசுவதால் அழுகல் நின்றதும் இல்லை.

அறிகுறி: தட்டினால் மந்தமான ஓசை

வெளியே ஒன்றும் தெரியாத மரத்தில் முதல் சோதனை இதுதான். தரையிலிருந்து தொடங்கி ஒரு சாண் இடைவெளியில் மேலே தட்டிக்கொண்டே போங்கள், பிறகு பக்கவாட்டில் சுற்றி வாருங்கள். நல்ல கட்டை குறுகிய, கெட்டியான ஓசையைத் தரும். கோறை விழுந்த (உள்ளே வெறுமையான) இடம் தாழ்ந்த, நீண்ட ஓசையைத் தரும். ஓசை மாறும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்தால் வெறுமையின் வடிவம் வரைபடமாகத் தண்டில் தெரியும்.

இதில் ஏமாற வாய்ப்புகள் உண்டு. பட்டை கட்டையை விட்டுத் தளர்ந்திருந்தாலும் மந்தமாகவே ஒலிக்கும். வேம்பு, புளி போன்ற தடித்த பட்டை மரங்களில் ஓசை இயல்பாகவே அமுங்கி வரும். சுவர் கனமாக இருந்தால் உள்ளே வெறுமை இருந்தும் ஓசை கெட்டியாகவே கேட்கும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, நமக்குத் தெரிய வேண்டியதே சுவர் கனமாக இருக்கிறதா என்பதுதான். சந்தேகம் வந்தால் அதே தெருவில் அதே இனத்து நல்ல மரம் ஒன்றைத் தட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள். ஆரம்பநிலை அழுகலைத் தட்டுதல் காட்டாது.

அறிகுறி: தூர் பருத்திருக்கிறது, அல்லது தண்டில் நெடுவரம்பு ஓடுகிறது

வலு குறைந்த இடத்தில் மரம் கூடுதலாகக் கட்டை போடும். காற்றில் எங்கே அதிகம் வளைகிறதோ அங்கே அதிகம் வளரும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஆய்வாளர் க்ளாஸ் மாத்தெக் வகுத்த கண்பார்வைச் சோதனை முறையின் அடிப்படை இந்தத் தன்மைதான். தூர் திடீரென்று பருத்து மேலே ஒடுங்கியிருந்தால் உள்ளே விரிந்த வெறுமை இருக்கலாம். தண்டைச் சுற்றி வளையமாக ஒரு வீக்கம் இருந்தால் அந்த மட்டத்தில் நார்கள் நலிந்திருக்கலாம். நெடுக்காகக் கூர்மையான வரம்பு ஓடினால் அதன் அடியில் ஒரு வெடிப்பு திரும்பத் திரும்பத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. வரம்பு மழுங்கி உருண்டிருந்தால் வெடிப்பு அடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

ஆனால் தூங்குமூஞ்சி மரத்தின் அடி இயல்பிலேயே அகன்றது. ஆலும் அரசும் இயல்பிலேயே முடிச்சும் மடிப்புமாக இருப்பவை. அந்த இனத்தின் இயல்பு தெரியாமல் வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

தூர் பருப்பதற்குப் பதிலாக மின்கம்பம் நட்டதுபோல் நேராகத் தரைக்குள் இறங்கினால் அதுவும் அறிகுறிதான். மரத்துக்கு வேர்க்கழுத்தில் விரிவு இருக்க வேண்டும். அது தெரியவில்லை என்றால் யாரோ மண்ணைக் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள், அல்லது சுற்றிலும் சிமென்ட் மேடை கட்டியிருக்கிறார்கள். மண்ணைக் கையால் விலக்கி, கழுத்து தெரியும்வரை தோண்டிப் பாருங்கள். ஈரத்தில் புதைந்த பட்டை கறுத்து அழுகியிருப்பதைப் பல நேரங்களில் அங்கே காண்பீர்கள்.

அறிகுறி: கவையில் வெடிப்பு, நீர்த்தேக்கம், அரசங்கன்று

இரண்டு கொம்புகள் ஏறக்குறைய ஒரே தடிமனில், ஒடுங்கிய கோணத்தில் பிரிந்தால் நடுவே பட்டை சிக்கிக்கொள்ளும். கட்டையோடு கட்டை சேராது. பெருங்கொன்றையிலும் மயில்கொன்றையிலும் இது சாதாரணம். கவைக்குக் கீழே இரு பக்கமும் காதுபோல் புடைப்பும், நடுவே கோடும் தெரிந்தால் பிளவு தொடங்கிவிட்டது. காற்றடிக்கும் நாளில் தள்ளி நின்று அந்தக் கோடு திறந்து மூடுகிறதா என்று பாருங்கள்.

கவையில் அரசோ ஆலோ முளைத்திருந்தால் அங்கே மண்ணும் ஈரமும் சேர்ந்திருக்கிறது. கன்றைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடலாம். விரல் தடிமனைத் தாண்டிவிட்டால் வேர் உள்ளே இறங்கியிருக்கும், இழுத்தால் பட்டையோடு வரும்.

அறிகுறி: மொட்டையடித்த கொம்பிலிருந்து கொத்தாகக் கிளைகள்

நகரத்து மரங்களில் அழுகலுக்குப் பெரிய வாசல் இது. மின்கம்பிக்காகக் கொம்பை நடுவில் வெட்டிக் குச்சியாக நிறுத்திவிடுகிறார்கள். அந்த வெட்டுமுகத்தை மரத்தால் மூட முடியாது. பூஞ்சை நேராக உள்ளே இறங்கும். வெட்டின் ஓரத்திலிருந்து கிளம்பும் கிளைகள் மேல்தோலில் மட்டும் ஒட்டியிருப்பவை. ஐந்தாறு ஆண்டுகளில் அவை கனமாகும், அடியில் இருக்கும் கட்டையோ மக்கிக்கொண்டிருக்கும். தொலைநோக்கியால் வெட்டுமுகத்தைப் பாருங்கள். குழிந்து கறுத்திருந்தால் கொத்தில் பாதியைக் குறைத்து, மிச்சத்தின் நீளத்தையும் குறைக்க வேண்டும். இனி வெட்டும்போது கிளை தண்டோடு சேரும் இடத்திலுள்ள புடைப்பை விட்டுவிட்டு, அதற்கு வெளியே ஒட்டி அறுக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: சாறு, மரத்தூள், கரையான்

இவை மூன்றும் கண்ணைக் கவரும், ஆனால் எப்போதும் ஆபத்து அல்ல. புளித்த நாற்றத்தோடு வடியும் நீர் பாக்டீரியாவின் வேலை. கட்டை உறுதியாகவே இருக்கலாம். தண்டில் ஏறும் கரையான் மண்பூச்சு பெரும்பாலும் இறந்த வெளிப்பட்டையைத் தின்பது. பூச்சைத் துடைத்துவிட்டுப் பட்டையைக் கிள்ளிப் பாருங்கள், அடியில் ஈரமும் பசுமையும் இருந்தால் மரம் நலம். வெடிப்பிலிருந்தோ பொந்திலிருந்தோ மண் வெளியே வழிந்தால் அது வேறு, உள்ளே இறந்த கட்டை இருக்கிறது.

மாமரத்தின் அடியில் சவைத்த நார்போன்ற தூள் குவிந்து, மேலே துளையும் பிசினும் தெரிந்தால் தண்டுத்துளைப்பான் புழு. அது ஆரோக்கியமான கட்டையிலும் துளைக்கும், துளை வழியே பூஞ்சையும் பின்தொடரும். கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுப்பது பழைய முறை, இன்றும் பயன்படும்.

அறிகுறி: உச்சி காய்கிறது

சில ஆண்டுகளாக வேம்பு நுனி கருகி, தீ பட்டதுபோல் பழுப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபோமாப்சிஸ் என்னும் பூஞ்சையும் தேயிலைக் கொசு என்னும் பூச்சியும் சேர்ந்து செய்வது அது. நுனிக்குச்சிகள்தான் காய்கின்றன, தண்டு உளுக்கவில்லை. பெரும்பாலான மரங்கள் மீண்டும் துளிர்க்கின்றன. அந்த நிலையில் வேம்பை வெட்டியவர்கள் வீணாக வெட்டினார்கள்.

உச்சியிலிருந்து தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கும் காய்தல், இலை சிறுத்துப்போவது, ஒரு பக்கக் கிளைகள் மட்டும் மொட்டையாவது ஆகியவை வேரைக் காட்டுகின்றன. எந்தப் பக்கம் காய்கிறதோ அந்தப் பக்கத்துத் தரையைப் பாருங்கள்.

அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் அருகே பள்ளம் தோண்டினார்கள்

மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், கேபிள் என்று மரத்தை ஒட்டிப் பள்ளம் எடுக்கும்போது தாங்குவேர்கள் அறுபடுகின்றன. மரம் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. அறுபட்ட முனைகளிலிருந்து அழுகல் தூரை நோக்கி மெல்ல நகரும், பிடி உடனடியாகவே குறையும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வேரோடு பெயர்ந்து கிடந்த மரங்களின் வேர்த்தட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே அடைபட்டு வளர்ந்த வேர், மரத்தின் உயரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் சிறுத்துக் கிடந்தது.

தண்டிலிருந்து எவ்வளவு தூரத்தில், எத்தனை பக்கம், என்றைக்குத் தோண்டினார்கள் என்று விசாரியுங்கள். தண்டின் குறுக்களவைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் ஒரு பக்கம் முழுவதும் வெட்டியிருந்தால், வெளியே பச்சையாக இருந்தாலும் அந்த மரத்தைச் சந்தேகப் பட்டியலில் சேர்ப்பேன். தூங்குமூஞ்சி மரமாக இருந்தால் இன்னும் கூடுதலாக; அதன் கிளைக்குடை அகலம், வேர் மேலோட்டம்.

தென்னைக்குத் தனிக் கணக்கு

தென்னைக்கு வளர்திசு வளையம் கிடையாது. காயத்தின் மேல் புதுக்கட்டை போட்டு மூட அதனால் முடியாது. ஏறுவதற்கு வெட்டிய படி, ஆணி அடித்த துளை எல்லாம் ஆயுள் முழுவதும் திறந்தே இருக்கும். உருளைக் கணக்கும் இங்கே பொருந்தாது.

தூரிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிந்து, மாதங்கள் போகப் போக மேலே ஏறி, கீழ்மட்டைகள் மஞ்சளாகித் தொங்கினால் அது தஞ்சாவூர் வாடல் நோய். 1952இல் தஞ்சாவூர் வட்டாரத்தில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். காரணம் மேலே சொன்ன கனோடெர்மாவேதான். காளான் வெளியே தெரியும்போது மரம் ஏறக்குறைய முடிந்திருக்கும். பக்கத்து மரங்களுக்கு மண் வழியே பரவும் என்பதால் நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டிப் பிரிப்பதும், மற்றவற்றுக்கு வேப்பம்பிண்ணாக்கு இடுவதும் முறை. மருந்து விவரத்துக்கு வேளாண்மைத் துறையை அணுகுங்கள். சாறு தூரில் அல்லாமல் நடுத்தண்டின் வெடிப்புகளில் வடிந்தால் அது சாறு வடியும் நோய், வேறு பூஞ்சை.

தண்டில் துளை, துளையில் சவைத்த நார், பழுப்பு நிறக் குழம்பு: சிவப்புக் கூன்வண்டு. தண்டில் காதை வைத்தால் புழு கட்டையைக் கடிக்கும் ஓசை கேட்கும். குருத்து வாடிச் சாய்ந்துவிட்டால் தலை எப்போது வேண்டுமானாலும் முறிந்து விழலாம். அப்படிப்பட்ட மரத்தில் ஆளை ஏற்றவே கூடாது. அடியிலிருந்து கயிறு கட்டிச் சாய்க்க வேண்டும்.

மிச்சச் சுவரை அளத்தல்

சந்தேகம் உறுதியானதும் எண்ணுக்கு வரலாம். வெறுமை இருக்கும் மட்டத்தில் சுற்றளவை அளந்து 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு. அதில் பாதி ஆரம். மாத்தெக் தந்த பொதுவிதி: நல்ல கட்டையின் தடிமன் ஆரத்தில் பத்தில் மூன்று பங்குக்குக் குறைந்தால் எச்சரிக்கை. சுற்றளவு 220 செ.மீ. என்றால் குறுக்களவு 70, ஆரம் 35. சுற்றிலும் பத்தரை செ.மீ. நல்ல கட்டை இருக்க வேண்டும். பட்டையின் கனத்தைக் கழித்துவிடுங்கள்.

இந்த விதியை வேதவாக்காக எடுத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. முழுக் குடையோடு நிற்கும் மரங்களை மனத்தில் வைத்து வந்த விதி இது. தண்டு பெருத்துக் குடை சிறுத்த கிழமரங்கள் இதைவிட மெல்லிய சுவரோடு நன்றாகவே நிற்கின்றன. சுவர் கனமாக இருந்தும் வேர் போன மரம் விழுகிறது.

தடிமனை அறிய எளிய வழி, 3 மி.மீ. தடிமனுள்ள நீண்ட அலகு பொருத்திய ட்ரில். ஓசை மாறிய இடத்தில் ஒரே ஒரு துளை. அலகு திடீரென்று தடங்கலின்றி உள்ளே போகும் புள்ளியில் நிறுத்தி நீளத்தை அளந்துகொள்ளுங்கள். வெளிவரும் தூள் வெளிர் நிறமாக, மொரமொரப்பாக இருந்தால் நல்ல கட்டை. கறுத்து, ஈரமாக, காளான் வாசனையோடு வந்தால் அழுகல். ஒவ்வொரு துளையும் மரத்தின் தடுப்புச் சுவரை உடைக்கிறது என்பதால் ஆர்வக்கோளாறில் சல்லடையாக்காதீர்கள். அது உங்கள் மரமாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். தெரு மரத்தில் துளை போட உங்களுக்கு உரிமை இல்லை.

கருவிகள் இரண்டைக் கேள்விப்படுவீர்கள். ரெசிஸ்டோகிராஃப் என்பது 1.5 மி.மீ. தண்டும் 3 மி.மீ. முனையும் கொண்ட ஊசியைச் சுழற்றி உள்ளே செலுத்தி, கட்டை தரும் தடையை வரைகோடாகப் பதிவது. ஒரு துளைக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு இரண்டு அங்குலம் தள்ளி என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒலி டோமோகிராஃப் தண்டைச் சுற்றி உணரிகளைப் பொருத்தி, ஒன்றைத் தட்டி, ஒலி மற்றவற்றை அடையும் நேரத்தை அளந்து குறுக்குவெட்டுப் படம் தருவது. அழுகலில் ஒலி சுற்றிக்கொண்டு போவதால் தாமதமாகும். வெடிப்பு இருந்தாலும் அதேபோல் தாமதமாகும். படத்தில் சிறிய வெடிப்பு பெரிய அழுகலாகத் தோன்றக்கூடும். அதனால் வண்ணப் படத்தை மட்டும் நீட்டி "வெட்ட வேண்டும்" என்று சொல்கிறவரிடம், எந்த உயரத்தில் எடுத்தது, சுவர் எங்கே எவ்வளவு என்று கேளுங்கள்.

முடிவெடுத்தல்

அடியில் என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் சேர்க்கிறார்கள். முதலில் சேர்த்தால் பாதி வழக்குகள் அங்கேயே தீரும். வயல் வரப்பில் நிற்கும் கோறைப் புளியை ஒன்றும் செய்ய வேண்டாம். அதே மரம் பேருந்து நிறுத்தத்தின் மேல் நின்றால் நடவடிக்கை வேண்டும். நடவடிக்கை என்றாலே வெட்டுதல் என்று பொருளல்ல: ஆட்டோ நிறுத்தத்தை இருபதடி நகர்த்தலாம், பள்ளியில் மரத்தடி வகுப்பை மழைக்காலத்தில் மட்டும் மாற்றலாம், குடையின் உயரத்தையும் அகலத்தையும் சிறிய வெட்டுகளால் குறைக்கலாம். காற்று பிடிக்கும் பரப்பு குறைந்தால் தூருக்கு வரும் பாரமும் குறையும். ஒரே பக்கக் கிளைகளை வெட்டி எடை சமம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரில் பல பக்கம் காளான், சுவர் மெலிந்து வாயும் அகன்ற பொந்து, அடியில் எப்போதும் ஆட்கள், நகர்த்த வழியில்லை: இவை கூடினால் அகற்றத்தான் வேண்டும். அரசு நிலத்தில் நிற்கும் மரத்துக்கு மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் தேவை. விண்ணப்பத்தோடு தேதியிட்ட காளான் படங்கள், சுற்றளவு, கம்பி இறங்கிய ஆழம், சுண்ணக்கட்டிக் குறிகளோடு தண்டின் நான்கு பக்கப் படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். வெறுமனே "ஆபத்தான நிலையில் உள்ளது" என்று எழுதிய மனுவை ஒதுக்கிவைப்பது எளிது.

அறுத்த பிறகு அடிக்கட்டையின் வெட்டுமுகத்தைப் படமெடுத்து, நீங்கள் குறித்திருந்த சுவர்த் தடிமனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே தெருவில் அதே வயதில் நிற்கும் அடுத்த மரத்தைத் தட்டும்போது அந்தப் படம் பயன்படும். அகற்றாமல் விட்ட மரங்களை ஆண்டுக்கு ஒரு முறையும் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மறுபடி பாருங்கள். கம்பி போன ஆழத்தைப் பழைய குறிப்போடு ஒப்பிட்டால் அழுகல் நகர்கிறதா நின்றுவிட்டதா என்று தெரிந்துவிடும்.